செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளப்பட்ட மரியா

தர்மபுரி மாவட்டத்துக் கோவில்களில் ஈஸ்டர் மறையுரை ஆற்றும் அருள்தந்தையருக்கும், சபைகளில் உயிர்த்தெழுதலின் செய்தி கொடுக்கும் போதகர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ். ஸ்தோத்திரம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எழுதுவதால் இரண்டு வணக்கமும் போட்டுவிட்டேன். உங்களைச் ‘சாமி’ என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். ‘ஐயர்’ என்று கூப்பிடும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா எனக்கு உண்டு. அதனால் இந்த மடலில் ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கக் கோவில்களில் உயிர்ப்பு ஞாயிறு பகல் பூசைக்கு வாசக நூல் குறித்திருக்கும் நற்செய்தி, யோவான் 20-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள். மகதலா மரியா இருட்டோடு கல்லறைக்குப் போகிறார். கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு பேதுருவிடம் ஓடுகிறார். அவ்வளவுதான், அதன்பின் அவரைக் காணோம். பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடுவது, யார் முந்திப் போனார், யார் முதலில் உள்ளே நுழைந்தார், துணிகள் எங்கே கிடந்தன, தலைத்துணி எப்படிச் சுருட்டி வைத்திருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒன்பதாம் வசனத்தோடு வாசகம் முடிகிறது. அந்த இரண்டு ஆண்களும் வீடு திரும்புவது பத்தாம் வசனத்தில். பதினோராம் வசனத்தில் மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறார். அங்கே தொடங்கி, தோட்டக்காரர் என்று அவர் நினைத்தவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் திரும்பிப் பார்ப்பதும், சகோதரர்களிடம் போய்ச் சொல் என்று அனுப்பப்படுவதும், அவர் போய்ச் சொல்வதும் பதினெட்டாம் வசனம் வரை வருகின்றன. அந்தப் பகுதி ஞாயிற்றுக்கிழமை வராது. செவ்வாய்க்கிழமை வரும்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நம் கோவில்களில் யார் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிகைக்கு ஊர் வந்தவர்கள் ஞாயிறு ராத்திரியே ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். மிச்சம் இருப்பது சாமியார், மடத்துக் கன்னியர், தினமும் வருகிற நாலைந்து பாட்டிமார். அந்தப் பாட்டிமாருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியவர்கள் அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். அரை நூற்றாண்டாக ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாத ஒரு பெரியவர், உயிர்த்த ஆண்டவர் மரியாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட காட்சியை ஞாயிறு வாசகமாக ஒரு தடவைகூடக் கேட்காமலே கண்மூட முடியும். நம் ஊர்களில் அப்படிக் கண்மூடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் பெண்கள் வருகிறார்களே என்பீர்கள். வருகிறார்கள். மூன்று வருடச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூவர் சொல்லும் கல்லறைக் காட்சியும் அந்த இரவில் வாசிக்கப்படுகிறது. ஆனால் மாற்கின் முறை வரும் வருடம், நடுங்கிப்போன அந்தப் பெண்கள் பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடியதைச் சொல்லும் எட்டாம் வசனத்துக்கு முன்பாகவே வாசகம் நின்றுவிடுகிறது. பெண்ணின் பயத்துக்கும் கோவிலில் இடமில்லை, பெண்ணின் பேச்சுக்கும் ஞாயிற்றுக்கிழமை இடமில்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். வாசக நூலைத் தொகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எதை வெட்டினால் கதை குறையாது என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

வாசக நூலுக்குக் கட்டுப்படாத சபைகளின் போதகர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது. வேண்டிய பகுதியை நீங்களே எடுக்கலாம். அதிகாலை நாலு மணி ஆராதனையில், ஸ்பீக்கர் கட்டி, நீங்கள் கொடுத்த செய்திகளைக் கேட்டிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் பெண்கள் கந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்புறம் மரணத்தின் கூர், பாதாளத்தின் ஜெயம், கொரிந்தியர் நிருபம் என்று செய்தி மேலே ஏறிவிடும். கந்தவர்க்கப் பெண்கள் திரும்ப வரவே மாட்டார்கள். வந்தாலும், ‘அன்னையர் எவ்வளவு பாசமுள்ளவர்கள் பாருங்கள்’ என்ற ஒரு பாராட்டோடு போய்விடுவார்கள். எனக்கு உறுத்துவது இந்தப் பாராட்டுதான்.

அந்தப் பெண்கள் பாசத்தால் போனார்கள், சரி. அதை மட்டும் சொன்னால், நற்செய்தி அவர்களை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறீர்கள். மாற்கு நற்செய்தியைக் கொஞ்சம் பொறுமையாக, ஒரு வழக்குக் கட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பாருங்கள். 15-ஆம் அதிகாரம் 40-ஆம் வசனத்தில், இயேசு சாகும்போது தூரத்தில் நின்று பார்த்தவர்கள் என்று பேர் போட்டுச் சொல்கிறார்: மகதலா மரியா, யாக்கோபு, யோசே என்பவர்களின் தாய் மரியா, சலோமி. 47-ஆம் வசனத்தில், உடலை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தவர்கள் யார் என்று மறுபடி பேர் போடுகிறார்: இரண்டு மரியாக்கள். அடுத்த அதிகாரம் முதல் வசனத்தில், ஓய்வுநாள் முடிந்ததும் நறுமணப் பொருள் வாங்கியவர்கள் என்று மூன்றாம் முறை பேர் போடுகிறார். ஒன்பது வசனத்துக்குள் மூன்று முறை பேர்ப்பட்டியல். எழுத்தாளர் ஒருவர் காரணமில்லாமல் இப்படிச் செய்ய மாட்டார்.

செத்தது நிஜமாகவே அவர்தானா? வைத்த இடம் இதுதானா? காலியாக இருந்தது அதே கல்லறைதானா? இந்த மூன்று கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடிய ஆள் வேண்டும். கெத்சமனியில் எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்று மாற்கே சொல்லிவிட்டார். பேதுரு தலைமைக் குருவின் முற்றத்தோடு நின்றுவிட்டார். சிலுவையடியில் அன்புச் சீடர் நின்றதாக யோவான் சொல்கிறார். அடக்கம் செய்தவர்கள் அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும். அந்த மூன்று பேருக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஆனால் யோசேப்பையும் நிக்கதேமையும் ஞாயிறு காலை எந்த நற்செய்தியாளரும் கல்லறைக்குக் கூட்டிவரவில்லை. அன்புச் சீடர் வருகிறார், ஒரு பெண் வந்து சொன்ன பிறகு. மரணம், அடக்கம், காலியான கல்லறை என்ற மூன்றையும் நேரில் கண்டவர்கள் என்று மாற்கும் மத்தேயுவும் லூக்காவும் ஒரே குரலில் காட்டுவது பெண்களை. திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தில் பாடுபட்டு, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்து என்று வரிசையாகச் சொல்கிறோமே, அந்த வரிசையை முழுதாகப் பார்த்த கண்கள் அவர்களுடையவை.

அவர்கள் யார் என்பதையும் ஒரு தடவையாவது பீடத்தில் நின்று சொல்லுங்கள். லூக்கா 8-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் மூன்று வசனம் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது, சில சமயம் டீச்சருக்கும் தெரியாது. கலிலேயாவிலிருந்தே இயேசுவோடு ஊர் ஊராக நடந்தவர்கள், தங்கள் சொந்தப் பணத்தில் அந்தக் கூட்டத்துக்குச் செலவு செய்தவர்கள் என்று அங்கே மூன்று பேர் சொல்லப்படுகிறது: மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா. பன்னிரண்டு பேர் வலையையும் சுங்கச்சாவடியையும் விட்டு வந்தார்கள். சாப்பாட்டுச் செலவு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை, லூக்கா சொல்லிவிட்டார்.

யோவன்னாவைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். ஏரோதுவின் வீட்டு நிர்வாகியான கூசாவின் மனைவி அவர். எந்த ஏரோது? திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டிய, பெரிய வெள்ளியன்று இயேசுவைக் கேலி செய்து பளபளப்பான அங்கி போட்டுப் பிலாத்துவிடம் திருப்பி அனுப்பிய ஏரோது. அந்த அரண்மனைச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துப் பெண், அந்த அரண்மனை கேலி செய்தவரின் கூட்டத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். கடைசியில் கல்லறை வாசலில் நின்றவர்களிலும் அவர் பேரை லூக்கா 24-ஆம் அதிகாரம் பத்தாம் வசனத்தில் மறுபடி எழுதுகிறார். வீட்டுக்காரர் வேலை என்ன ஆகும், ஊர் என்ன பேசும் என்ற கணக்கெல்லாம் அவருக்கும் இருந்திருக்கும்தானே? கலெக்டர் ஆபீஸ் அதிகாரியின் மனைவி ஒருத்தி, அரசாங்கம் தேசத்துரோகி என்று சொல்லிக் கொன்ற ஒருவரின் கல்லறைக்கு விடியற்காலையில் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாசம் என்று மட்டும் சொல்லுவோமா?

இன்னொன்று. உயிர்ப்பை எதிர்பார்த்து அவர்கள் போகவில்லை. நம் பக்கத்தில் அடக்கத்துக்குப் பிறகு பால் தெளிக்கப் போகிறோமே, அப்படிச் சாவுக் காரியத்தில் மிச்சம் இருந்த ஒரு வேலையை முடிக்கப் போனார்கள். வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்கவிருந்ததால் அவசர அடக்கம். உடலுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யவில்லை என்ற குறை அவர்களுக்கு. கல்லை யார் புரட்டுவார்கள் என்ற கேள்வியே பாதி வழியில்தான் வருகிறது. திட்டமில்லை, ஆள்பலமில்லை, தரிசனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. செய்யவேண்டிய வேலை இருக்கிறது, போகிறார்கள். பூசைக்கு முந்தின நாள் கோவிலைக் கூட்டி, மெழுகுத்தாங்கி துலக்கி, பீடத்துக்குப் பூ வைக்கிற பெண்களைக் கேட்டால் அந்த நடையைப் பற்றி உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, போனார்கள், பார்த்தார்கள், வந்து சொன்னார்கள். பதினொருவரும் என்ன செய்தார்கள்? நம்பவில்லை. அது ஏதோ பிதற்றல் என்று பட்டது என்கிறார் லூக்கா. எம்மாவு போகும் வழியில் இருவர் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கூட வந்த வழிப்போக்கரிடம் அவர்களே சொல்கிறார்கள்: எங்களில் சில பெண்கள் கல்லறைக்குப் போய் வந்து எங்களைத் திகைக்க வைத்துவிட்டார்கள் என்று. செய்தி காதில் விழுந்த பிறகும் கால் எதிர்த்திசையில்தான் நடக்கிறது. அந்த வழிப்போக்கர் அவர்களை மந்த புத்திக்காரர்கள் என்று கடிந்துகொள்கிறார். மாற்கு 16-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம் இன்னும் வெளிப்படை. பதினொருவரும் பந்தியில் இருக்கும்போது தோன்றி, உயிர்த்த தம்மைக் கண்டவர்கள் சொன்னதை நம்பாததற்காக அவர்களைக் கண்டிக்கிறார். கண்டவர்களின் பட்டியலில் அங்கே முதல் பேர் மகதலா மரியா.

பத்து ஆண்கள் சொன்னதைத் தோமா நம்பவில்லை என்பதற்கு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வருடா வருடம் மறையுரை கேட்கிறோம். சாந்தோமும் பரங்கிமலையும் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் உரிமையோடு அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்று சொல்கிறோம். பெண்கள் சொன்னதைப் பதினொரு பேர் நம்பவில்லையே, அதில் தோமாவும் ஒருவர், பேதுருவும் ஒருவர். அந்த அவநம்பிக்கைக்கு எந்த ஞாயிறு? எந்த மறையுரை?

இந்த இடத்தில் நம் மாவட்டத்துப் பேர் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் 269 பேர் புகுந்த மலைவாழ் மக்களின் ஊர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அந்தப் பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதை மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் பிடித்துக்கொண்டதால் விஷயம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் 1995-இல் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. தர்மபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள்; மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே வருடம் செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். சம்பவம் நடந்து 31 வருடம்.

அந்தப் பெண்கள் நம் கோவிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அவர்கள் சாமி உண்டு. அவர்கள் வேதனையை எடுத்து நம் உயிர்ப்பு மறையுரைக்கு உதாரணமாக ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று முதலில் நானே கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வழக்கில் வென்றது உயிர்ப்பு அல்ல. வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு வாங்கிய ஒரு தீர்ப்பு. நான் சொல்ல வருவது வேறு. ‘அந்தக் காலத்து யூத சமுதாயத்தில் பெண்களின் சாட்சியம் செல்லாது’ என்று ஈஸ்டர்தோறும் சொல்கிறீர்கள். யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் அப்படி எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தைத் தர்மபுரியில் நின்றுகொண்டு, ஏதோ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேறு தேசத்து விநோதம்போலச் சொல்லுகிறீர்களே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் பீடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில், நம் எல்லோரின் நினைவுக்கு எட்டிய காலத்தில், 18 பெண்களின் வாய்ச்சொல் சொல்லாக ஏறுவதற்கு 19 வருடமும் அப்புறம் இன்னும் 12 வருடமும் ஆனது. முதல் நூற்றாண்டு எருசலேம் நமக்கு அவ்வளவு தூரம் இல்லை.

மத்தேயு 28-ஆம் அதிகாரத்தை இந்த நினைவோடு வாசித்துப் பாருங்கள். பெண்கள் சேதி சொல்லப் போய்க்கொண்டிருக்கும் அதே நேரத்தில், காவல்காரர்களில் சிலர் ஊருக்குள் போய்த் தலைமைக் குருக்களிடம் நடந்ததைச் சொல்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள். ஒரு பெரிய தொகை கைமாறுகிறது. நாங்கள் தூங்கும்போது சீடர்கள் வந்து திருடிவிட்டார்கள் என்று சொல்லுங்கள், ஆளுநர் காதுக்குப் போனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏற்பாடு ஆகிறது. ஒரே காலையில் ஒரே கல்லறையைப் பற்றி இரண்டு வாக்குமூலம்: பதவியில் இருப்பவர்கள் எழுதிக்கொடுத்தது ஒன்று, பெண்கள் ஓடிவந்து சொன்னது ஒன்று. திருச்சபை என்பது இரண்டாவதை நம்பியவர்களின் கூட்டம். பெண்களின் வார்த்தைமேல் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே வீட்டில் ஒரு பெண் வந்து ‘எனக்கு இப்படி நடந்தது’ என்று சொன்னால் முதலில் என்ன கேட்கிறோம்? யாரோடு போனாய், ஏன் உடனே சொல்லவில்லை, கோவில் பேர் கெட்டுவிடுமே. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் பங்குப் பேரவைக்கும் அந்த நேரத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

மகதலா மரியாவுக்கு நாம் செய்ததும் சின்ன அநியாயம் அல்ல. ஏழு பேய்கள் அவரைவிட்டுப் போயின என்றுதான் லூக்கா சொல்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில் பேர் சொல்லப்படாத ஒரு பாவியான பெண் வருகிறார். இரண்டு பேரையும், பெத்தானியா மரியாவையும் சேர்த்து ஒரே ஆளாக்கி 591-இல் உரோமையில் மறையுரை ஆற்றியவர் பாப்பரசர் பெரிய கிரகோரியார். அந்த ஒரு மறையுரை மேற்குத் திருச்சபையில் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. 1969-இல் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது உரோமை அந்தக் கலப்பைப் பிரித்துவிட்டது. 2016-இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை 22-ஆம் நாளை, திருத்தூதர்களுக்குச் செய்வதுபோலவே, நினைவு நாளிலிருந்து விழாவாக உயர்த்தினார். திருத்தூதர்களுக்கே திருத்தூதர் என்று அக்குவினாஸ் தோமா காலத்திலேயே வழங்கிய பட்டத்தை அப்போது மறுபடி சொன்னார்கள். உரோமை திருத்திக்கொண்டது, நம் தவக்கால தியானங்களில் மகதலேனா இன்னும் தலையை விரித்துப்போட்டு அழும் மனந்திரும்பிய விபசாரியாகவே இருக்கிறார். சீர்திருத்தச் சபைகளிலும் கன்வென்ஷன் மேடைகளில் அதே கதைதான். பாப்பரசரை ஏற்காதவர்களும் இந்த ஒரு பாப்பரசரின் மறையுரையை மட்டும் விடாமல் வைத்திருப்பது வேடிக்கை.

ஒரு பெண் சொன்னதை மறுக்க முடியாதபோது, அவள் நடத்தையைப் பற்றிப் பேசுவது உலகத்தில் பழகின வழி. கிறிஸ்தவத்தை எதிர்த்து இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய செல்சுஸ் என்ற கிரேக்கர், உயிர்ப்பைப் பார்த்ததாகச் சொன்னது யாரோ பித்துப் பிடித்த ஒரு பெண் என்று நக்கல் செய்தார். ஒரிகன் அவருக்குப் பதில் எழுதினார். வெளியிலிருந்து வந்த அந்தக் கேலியை மறுத்துவிட்டோம். உள்ளேயிருந்து கிளம்பிய வசையை மட்டும் பக்தி என்று நினைத்து வளர்த்துவிட்டோம்.

பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்கள் பட்டியல் இருக்கிறது. கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, திருத்தூதர் அனைவர், கடைசியில் தாம். மரியாவும் இல்லை, யோவன்னாவும் இல்லை. நற்செய்தி நூல்களுக்கு முன்பே எழுதப்பட்ட பட்டியல் அது. சபைகளுக்குள் பெண்களின் பேர் எவ்வளவு சீக்கிரம் உதிரத் தொடங்கியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பிற்பாடு எழுதிய நால்வரும் அந்தப் பேர்களைத் திரும்பக் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்தார்கள். இவ்வளவு சங்கடமாக இருந்தும் அவர்களால் அதை விட முடியவில்லை.

‘பொய்யாகக் கட்டியிருந்தால் பெண்களைச் சாட்சியாக வைத்திருப்பார்களா? அதனால் உயிர்ப்பு உண்மை’ என்ற வாதமும் எல்லா ஈஸ்டரிலும் வருகிறது. வாதம் தப்பில்லை, எனக்கும் அதில் பலம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். பெண்ணின் வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதை முதலாகப் போட்டு, அதிலிருந்து விசுவாசத்துக்கு வட்டி வாங்குகிறோம். வாங்கிய பிறகு அந்த முதலை மாற்றிப் போடுவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் பக்கம் இருந்து யோசித்தால், அவர்கள் வாயடைக்கப்பட்டதே உங்களுக்கு ஆதாரமாகப் பயன்பட்டிருக்கிறது.

இப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஆயர் பட்டம் கேட்டு வரவில்லை. (தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பா லலிதா அம்மையார் நந்தியாலில் பேராயராகிவிட்டார். அந்தப் பக்கம் கேள்வி வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரு பேராயர் வந்ததால் சேகரக் கமிட்டியில் எத்தனை பெண்கள் பேசுகிறார்கள் என்பது மாறிவிட்டதா என்பதை அக்காவிடம் கேட்டால் சிரிக்கிறாள்.) கேட்பதெல்லாம் இருக்கிற அனுமதிக்கு உள்ளேயே இருக்கிறது.

ஞாயிறு நற்செய்தியை ஒன்பதாம் வசனத்தில் நிறுத்தச் சொல்லி இருந்தால் நிறுத்துங்கள். மறையுரையை அங்கே நிறுத்தச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. பத்தாம் வசனத்திலிருந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், பதினெட்டாம் வசனம் வரை. முடிந்தால் பூசை முடிவில், ஆசீருக்கு முன், அந்தப் பகுதியை ஒரு பெண் வந்து வாசிக்கட்டும். தர்மபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் உருவானது. கோவிலூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களோ அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தவை. இத்தனை தலைமுறையும் பிள்ளைகளுக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட அன்பியங்களில் இன்றைக்குச் செபம் நடத்துகிறவர்களும் அவர்களே. வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

பல கோவில்களில் ஈஸ்டர் இரவில் கல்லறைக் காட்சி ஜோடிக்கிறோம். திரை விலகும், மணி அடிக்கும், கொடியோடு உயிர்த்த ஆண்டவர் சுரூபம், இரண்டு பக்கமும் மல்லாந்து விழுந்த போர்ச்சேவகர்கள். சேவகர்களுக்குச் சுரூபம் வாங்கக் காசு இருந்திருக்கிறது. அங்கே உண்மையில் வந்து நின்ற பெண்களுக்கு ஒரு சுரூபம் இல்லை. அடுத்த வருடம் நன்கொடை ரசீது புத்தகம் அடிக்கும்போது இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். முதல் ரசீதை நான் போடுகிறேன்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016 ஜனவரியிலேயே உரோமை சொல்லிவிட்டது. வாசகர், பீடத்துணைவர் பணிகளுக்குப் பெண்களை முறைப்படி ஏற்படுத்தலாம் என்று 2021 ஜனவரியில் சொன்னது; மறைக்கல்வியாளர் பணியையும் அதே ஆண்டு மே மாதம் ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தியது. இவற்றில் எது நம் பங்குகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது? வராததற்குக் காரணம் உரோமையா, நம் ஊர் நாட்டாமையா என்பதை நீங்களே சொல்லலாம். ஜூலை 22-ஐ விழாவாகவே கொண்டாடுங்கள். அன்றைக்கு வரும் நற்செய்தி அந்தச் செவ்வாய்க்கிழமைப் பகுதிதான். மரியாயின் சேனையையும் மாதர் சங்கத்தையும் கூப்பிட்டு விருந்து சமைக்கச் சொல்வதோடு விட்டுவிடாமல், அவர்களில் ஒருவரை எழுந்து பேசச் சொல்லுங்கள்.

போதகர்களுக்குச் சேர்த்து ஒன்று. பழைய மிஷன் காலத்தில் ‘பைபிள் உமன்’ என்று சொற்பச் சம்பளத்துக்கு வைத்திருந்த பெண்கள், வெள்ளைக்கார மிஷனெரி ஐயர்மார் நுழைய முடியாத வீடுகளுக்குள் நடந்தே போய் வேதம் சொன்னவர்கள். உங்கள் சபையின் ஸ்தாபக வரலாற்றுப் பலகையில் அவர்களில் எத்தனை பேருடைய பேர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பலகை மாற்றப் பெரிய செலவு ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கேட்பது, பங்கிலோ சபையிலோ பள்ளியிலோ ஒரு பெண்ணோ சிறுமியோ ஒரு புகாரோடு வந்தால், அந்தப் புகாரைக் கேட்கும் இடத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கேட்டதை எழுதி வைக்க வேண்டும். சட்டப்படி போலீசுக்குப் போக வேண்டியதைப் பீடத்தடியில் புதைக்கக் கூடாது. உயிர்ப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மாற்கு 16:14-ஐ எடுத்துக்காட்டினேன்.

இந்த மடலை வாசித்துவிட்டு, ‘நல்ல விஷயம், மாதர் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அங்கே பேசியாகிவிட்டது. பங்குப் பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் ஒரு பொருளாக வையுங்கள், தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே. அன்றைக்கு எங்களில் இரண்டு பேரை வரச்சொன்னால் வருகிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் பங்கு மக்களில் ஒருத்தி,
தர்மபுரி மாவட்டம்.